யாருக்காகத் தேர்வு?

அமேசன் கம்பனியில் பொறியியல் முகாமையாளராக விரும்புவோர், நேர்முகப் பரீட்சையில் தம் அநுபவத்தை அதன் 16 தலைமைத்துவக் கோட்பாடுகளோடு பொருத்திக் காட்டுதல் வேண்டும். உலகின் தலைசிறந்த தொழில்தருநராக முயல்வது 2021இல் சேர்ந்த கோட்பாடு. ஆயினும் 2022 நவம்பர் முதல் 2023 மார்ச் வரை அக்கம்பனி அறிவித்த வேலைநீக்கமோ 27,000!

முதுகெலும்போடு மறுத்துரைக்க வேண்டுமென்பதும் ஒரு கோட்பாடே. முடிவானபின் முழுமனதாய் உடன்படுக என்ற வாலும் அதற்குண்டு. ஆட்குறைப்புக் கட்டளைக்கு இதனினும் வாய்ப்பான முதுகெலும்பு வேறெது?

குழுவுக்குப் புறம்பான பரீட்சகர் ஒருவருக்கு நியமனத்தைத் தடுக்கும் அதிகாரம் அங்கே உண்டு. அம்முகாமையாளரின் கீழ் உழைக்கப்போகும் தொழிலாளிக்கு அவ்வதிகாரம் இல்லை. தலைமைக்குத் தகுதி உண்டோ இல்லையோ என்பதை அதன் சுமையைத் தாங்குவோரே அறிவர். அவர்களுக்கும் அவ்வதிகாரம் கிட்டும்வரை, அது தலைவர்களைத் தேடும் பரீட்சையன்று. கங்காணிகளைப் பொறுக்கும் சந்தையே!