எஞ்சினை இறக்க முன்னம் வால்வை ஊதிப் பாருங்கோ

நறுவிலிக்குளத்தில் ஒரு பழைய பெற்றோல் கார் ஒயில் கசியத் தொடங்கினால், பார்க்கிறவன் சொல்லும் முதல் வசனம் "எஞ்சின் போச்சு, இறக்கோணும்" என்பதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இப்பவும் வரியோட விலையைக் கேட்டால் எங்களுக்கு எட்டாது. இருக்கிற காரைத்தான் காப்பாற்ற வேணும். அதனால், எஞ்சினை இறக்கச் சொல்கிறவரிடம் முதல்ல கேளுங்கோ: "பிசிவி வால்வைப் பாத்தீங்களா?"

எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, கீழே ஒயில் இருக்கிற கிராங்க்கேசுக்குள் இறங்கும். புது எஞ்சினிலும் இறங்கும். அதை இன்டேக் பக்கம் இழுத்துத் திரும்ப எரிக்க விடுகிற வழிதான் இந்தச் சின்ன வால்வு. அது அடைத்தால் உள்ளே அமுக்கம் கூடி, சீல்களுக்குள்ளால ஒயில் தள்ளும். வளையம் தேய்ந்தாலும் இதே கசிவுதான். வெளியில நிண்டு பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

பலர் வால்வைக் கழட்டிக் காதடியில் ஆட்டி, "கடகட எண்டுது, நல்லம்" என்று திரும்பப் போட்டுவிடுவினம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. சத்தம் வந்தால் உள்முளை ஒட்டேல்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஸ்பிரிங் தளர்ந்ததோ, குழாய் அடைத்ததோ அதில் தெரியாது.

110 கொரோலா போன்ற கார்களில் வால்வு டப்பட் கவரில் ரப்பருக்குள் செருகி இருக்கும். எஞ்சினை ஐடிலில் விட்டு, வால்வைக் குழாயோட வெளியே இழுத்து, அதன் வாயை விரலால் பொத்துங்கோ. விரல் இழுபடோணும். இழுபடாட்டி வால்வைக் கழட்டிக் குழாய் நுனியில் விரலை வையுங்கோ. அங்கே இழுவை இருந்தால் பிழை வால்வில். இல்லாட்டி குழாயில், அல்லது மனிபோல்ட் துவாரத்தில். பிறகு எஞ்சினை நிப்பாட்டி, வால்வில் சுத்தமான குழாயொன்றை மாட்டி ஊதுங்கோ. டப்பட் கவர்ப் பக்கமிருந்து காற்று லேசாப் போகோணும், மறுபக்கமிருந்து கஷ்டப்பட்டுத்தான் போகோணும். உறிஞ்சாதேங்கோ, உள்ளே இருக்கிறது பெற்றோல் கழிவு.

நானாட்டானுக்குப் போய் வாறதோட நிப்பாட்டுகிற கார்களில், எஞ்சின் சரியாச் சூடேற முன்னம் ஓட்டம் முடிந்துவிடும். ஈரம் ஒயிலோட சேர்ந்து களியாகும். ஒயில் மாத்தவும் பிந்தினால் வால்வு அடைக்கத்தானே செய்யும்.

இவ்வளவும் சரியாக இருந்தும், ஒயில் ஊத்துற வாயால் புகை பக்குப்பக்கெண்டு தள்ளினால், பாஸ் சொன்னது சரி. வளையம்தான். காசைச் சேருங்கோ.