தரையேறிய படகுகளும் தீராத கணக்கும்



படகு தண்ணீரில் போவதற்குச் செலவு உண்டு. அது யாவரும் அறிந்தது. படகு தரையில் போவதற்கு ஆகும் செலவைப் பற்றி எண்ணிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. கடலை விட்டு நெடுந்தொலைவில், காவிரிக் கரையில் வாழும் கொடுமுடி மக்களாகிய நமக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை எடுத்துரைப்பதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

படகைத் தரைவழியே கொண்டு சென்றார்கள் என்றவுடன் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது சுல்தான் இரண்டாம் முஹம்மதுவின் வரலாறுதான். 1453 ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிள் முற்றுகையின்போது, பொற்கொம்பு எனப்படும் கடற்கழியின் வாயிலை எதிர்த் தரப்பினர் இரும்புச் சங்கிலியால் அடைத்திருந்தனர். சுல்தான் மனம் தளரவில்லை. கலாட்டாவுக்குப் பின்புறமுள்ள மேட்டின்மீது மரப்பாதை அமைத்து, அதில் கொழுப்பைப் பூசி, ஏப்ரல் 22 அன்று ஏறத்தாழ 70 கப்பல்களை மாடுகளும் மனிதர்களுமாக இழுத்து மறுபக்கத்துத் தண்ணீரில் இறக்கினார்கள். மே 29 அன்று நகரம் வீழ்ந்தது. அந்த மரத்துக்கும் கொழுப்புக்கும் ஆள்பலத்துக்கும் ஒரு பேரரசின் கருவூலம் பொறுப்பேற்றது. செலவு செய்தவருக்கே வெற்றியும் கிடைத்தது, கணக்கு நேராயிற்று.

ஆனால், நம் காலத்தில், நம் அண்டை மாநிலத்தில், இதனினும் பெரிய அளவில் படகுகள் தரையேறின. அவற்றை ஏற்றிச் சென்றவர்களிடம் கருவூலமும் இல்லை, படையும் இல்லை. அவர்கள் நாடியது வெற்றியை அன்று, மனித உயிரை.

2018 ஆகஸ்டில் நிகழ்ந்தது

2018 ஆகஸ்டில் கேரளம் கண்ட பெருவெள்ளத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இடுக்கி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டன. பம்பை, பெரியாறு ஆகிய ஆறுகள் கரை கடந்தன. 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செங்கன்னூர், ஆரன்முளை, ராந்நி, ஆலுவா முதலிய ஊர்களில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி நின்றனர். பத்தனம்திட்டை மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. அங்கே படகுக்கு எங்கே போவது?

அப்போதுதான் கொல்லம், திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரைகளிலிருந்து மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிப் புறப்பட்டனர். மலப்புறம் பகுதி மீனவர்களும் வந்தனர். கேரள அரசு வெளியிட்ட கணக்கின்படி 669 படகுகளில் 4,537 மீனவர்கள் மீட்புப் பணியில் ஈடுபட்டனர். அவர்கள் காப்பாற்றியவர்கள் 65,000 பேருக்கும் மேல். வேங்கரையில் வயதான பெண்கள் படகில் ஏற இயலாமல் தவித்தபோது, தானூரைச் சேர்ந்த மீனவர் ஒருவர் தண்ணீரில் குனிந்து, தம் முதுகையே படிக்கட்டாக்கிக் கொடுத்த காட்சியை நாடு முழுவதும் கண்டது.

அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று முதலமைச்சர் பினராயி விஜயன் போற்றினார். படகு ஒன்றுக்கு எரிபொருளோடு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தரப்படும் என்றும், பழுதான படகுகளைச் சீர்செய்து தருவோம் என்றும் அறிவித்தார். மீனவர்கள் பலர், "உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி வேண்டாம்" என்று கூறிவிட்டனர்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் கதையை முடித்துவிடுகிறோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன பெருந்தன்மை!" என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உண்மையான கணக்கு இதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது.

லாரிக்காரரின் கணக்கு

லாரித் தொழிலைப் பற்றிக் கொங்கு நாட்டாருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று சுற்றிலும் லாரியால் வாழும் ஊர்கள். ஆகவே அந்தத் தொழிலின் மொழியிலேயே பேசுவோம்.

படகு ஒரு விசித்திரமான சரக்கு. எடை குறைவு, இடம் அதிகம். ஒரு ஃபைபர் வள்ளத்தை ஏற்றினால் வேறு சரக்குக்கு இடமில்லை. லாரியின் பெட்டியைவிட வள்ளம் நீளமாயிருந்தால் பின்புறம் வெளியே நீட்டிக்கொண்டு வரும். சிவப்புத் துணி கட்டி மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். வாகனத்தின் அகலம் 2.6 மீட்டருக்கு மேற்படலாகாது என்பது விதி. எனவே பெரிய விசைப்படகுகளைச் சாதாரண லாரியில் ஏற்றுவது ஆகாத காரியம். ஏற்றுக்கூலி ஓரிடத்தில், இறக்குக்கூலி வேறோரிடத்தில். கிரேன் கிடைத்தால் அதற்கு வாடகை. கிடைக்காவிட்டால் இருபது பேரின் தோள்கள். திரும்பும்போது ரிட்டர்ன் லோடும் கிடையாது. அதே படகைத்தான் மீண்டும் ஏற்றி வரவேண்டும். எனவே போகும் வழியும் வரும் வழியும் ஒருவர் தலையிலேயே விழும். வெள்ளம் வடியும்வரை வண்டி நின்றால் அதற்கு ஹால்டிங் தனி.

நம் ஊரையே வைத்துக் கணக்கிடுவோம். நாகப்பட்டினம் கடற்கரையிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, கரூர் வழியாகக் கொடுமுடிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். போகவர 500. லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் என்று கொண்டால் 125 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 11,250 ரூபாய். ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி உரிமையாளரின் வாடகை எல்லாம் இதற்கு மேல். படகில் ஏறும் மீனவர்களின் சோறும் தூக்கமும் இதில் சேரவில்லை. அத்தனை நாளும் கடலுக்குப் போகாததால் அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பதும் சேரவில்லை.

இன்னொரு செலவு இருக்கிறது. கடலுக்காகச் செய்த படகு அது. அதன் அடிப்பாகம் அலையைத் தாங்கும். மதில் சுவரைத் தாங்காது. வெள்ளத்தில் மூழ்கிய சுற்றுச்சுவர், இரும்புக் கதவின் கூர்முனை, சாய்ந்த மின்கம்பம் இவை கண்ணுக்குத் தெரியாது. அவற்றில் மோதினால் ஃபைபர் விரியும். இயந்திரத்தின் விசிறி உடையும். கேரளத்தில் நிகழ்ந்ததும் அதுவே. 7 படகுகள் முழுமையாக அழிந்தன என்றும், 452 படகுகள் சேதமடைந்தன என்றும், இழப்பு ஏறத்தாழ 2 கோடியே 24 லட்சம் ரூபாய் என்றும் அப்போதைய மீன்வளத்துறை அமைச்சர் மெர்சிக்குட்டி அம்மா மதிப்பிட்டார். 669 படகுகளில் 459. அதாவது, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை காயத்தோடு வீடு திரும்பின.

படகு என்பது மீனவருக்கு வெறும் வாகனம் அன்று. உழவருக்கு நிலமும் ஏர்மாடும் எப்படியோ, அப்படி. பெரும்பாலும் அது கடனில் வாங்கியதாகவே இருக்கும். வெள்ளத்துக்காகக் கடன் தவணை காத்திராது.

யார் கொடுக்க வேண்டும்?

கூலி வேண்டாம் என்று அவர்கள் சொன்னது அவர்களுடைய பெருந்தன்மை. ஆனால், கொடுக்காமல் இருந்துவிடுவது ஒருபோதும் நம்முடைய பெருந்தன்மை ஆகாது. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். தியாகம் செய்பவருக்கு அது உயர்வு. அந்தத் தியாகத்தை எதிர்பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் சமுதாயத்துக்கு அது இழிவு. உழைத்தவருக்குரிய கூலியைத் தாமதிக்கலாகாது என்று மதரஸாவில் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். கூலி கேட்காதவர் விஷயத்தில் அந்தப் பாடம் இரு மடங்காகப் பொருந்தும்; ஏனெனில், கேட்பவரின் தேவை நம் காதில் விழுகிறது, கேட்காதவரின் தேவை விழுவதில்லை.

"உயிருக்கு விலை பேசலாமா?" என்று சிலர் கேட்பர். உயிருக்கு விலையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டீசலுக்கு விலை உண்டு. உடைந்த விசிறிக்கும் விலை உண்டு. விலையில்லாத ஒன்றைக் காக்க விலையுள்ள பலவற்றைச் செலவழித்தவரிடம், அந்த விலையையாவது திருப்பித் தருவதே நீதி.

நமக்குரிய பங்கு

இனி நம் ஊருக்கு வருவோம். கேரளத்தைச் சூழ்ந்த அதே மழைதான் வயநாட்டில் பெய்து, கபினி ஆற்றின் வழியே காவிரியில் கலந்து, மேட்டூரை நிரப்பி, நம் வாசலுக்கு வந்தது. அதே 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. 2022 ஆகஸ்டிலும் அப்படியே. கரையோரத் தாழ்ந்த பகுதி மக்கள் வீடுகளை விட்டுப் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்கினர். ஆக, வெள்ளம் நமக்கு அயலார் கதை அன்று.

கடற்கரையிலிருந்து நமக்குப் படகு வருமானால், நீட்டிய வள்ளத்தோடு லாரி நிதானமாக வந்து சேர ஏழெட்டு மணி நேரமேனும் ஆகும். அதுவரை கூரையில் நிற்பவரின் நிலை என்ன? நம்மிடமே பரிசல் இருக்கிறது. மூங்கில் பின்னிச் செய்த அந்த வட்டப் படகைத் தரைவழியே கொண்டு செல்ல லாரியும் வேண்டாம், கிரேனும் வேண்டாம். பரிசல்காரர் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாக நடந்துவிடுவார். ஆயினும் பாலங்கள் பெருகப் பெருகப் பரிசலுக்கு வேலை குறைந்தது. பரிசல் தள்ளத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. அவர்களுடைய பிள்ளைகள் திருப்பூருக்கும் பெருந்துறைக்கும் வேலைக்குப் போகிறார்கள். வெள்ளம் வரும் நாளில் மட்டும் அவர்களைத் தேடினால் கிடைப்பார்களா?

எனவே ஒவ்வொரு கரையோர ஊரின் ஜமாஅத்தும், சகோதர சமுதாயத்தாரோடு சேர்ந்து, சில காரியங்களை வெயில் காலத்திலேயே செய்து வைக்கலாம். பரிசல் ஓட்டத் தெரிந்தவர்கள் யார் யார் என்று பட்டியல் எழுதுங்கள். பழுதான பரிசலைச் சீராக்க உதவுங்கள். அவசரத்துக்கு வண்டி தரக்கூடிய லாரி உரிமையாளர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகைக்கும் டீசலுக்கும் பழுதுக்கும் ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். உதவிக்கு வருபவர் வந்து இறங்கும்போதே, "வண்டிச் சத்தம் எங்கள் பொறுப்பு" என்று சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.

வீட்டிலுள்ள தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்குக் கப்பல்கள் மலையேறிய வரலாற்றைச் சொல்லுங்கள், தவறில்லை. கூடவே, வள்ளங்கள் லாரியேறிய வரலாற்றையும் சொல்லுங்கள். அதில் 459 படகுகள் அடிபட்டுத் திரும்பின என்பதையும் விடாமல் சொல்லுங்கள். வீரத்தை வியக்கக் கற்ற பிள்ளை, அதற்கு ஆன செலவை யார் கொடுத்தார் என்று கேட்கவும் கற்க வேண்டும்.