சமோவா மொழிக்கு வகுப்பறை வேண்டும்

நியூசிலாந்தில் ஆங்கிலத்துக்கும் மாவோரிக்கும் அடுத்து அதிகம் பேசப்படுவது சமோவா மொழி. 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பேசுவதாகப் பதிவாகியுள்ளது. அதற்காக நிம்மதி அடைய முடியாது. அங்கு வாழும் சமோவா மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே தாய்மொழி பேச வருகிறது; அங்கேயே பிறந்தவர்களிடம் நிலைமை இன்னும் மோசம்.

ஊர்த் தலைவர்களிடம் பேசும் மரியாதைச் சொற்கள், துலாஃபாலே எனப்படும் பேச்சாளர்கள் கோலூன்றி நின்று ஆற்றும் சடங்குரை, குடும்பங்களின் வம்ச வரலாறு எல்லாம் இம்மொழியில்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றன; மொழி தேய்ந்தால் அவையும் தேயும்.

‘ஆஓங்கா அமாத்தா’ மழலையர் பள்ளிகளும் ஆண்டுதோறும் கொண்டாடப்படும் சமோவா மொழி வாரமும் நல்ல தொடக்கங்கள். மழலையர் கற்றதைத் தொடக்கப் பள்ளியும் தொடர வேண்டும். இருமொழி வகுப்புகளுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் நியூசிலாந்து அரசு நிலையான நிதி ஒதுக்க வேண்டும்.