மலிவு விலை சோலார் பேனல்... டேப் வைத்து அளந்து வாங்குங்கள்!

''ஆழ்துளைக் கிணற்றில் 5 ஹெச்.பி நீர்மூழ்கி மோட்டார் இருக்கிறது. இலவச மின்சாரத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். இப்போதைக்கு டீசல் ஜெனரேட்டரை வைத்துத்தான் முருங்கைக்கும் தக்காளிக்கும் தண்ணீர் பாய்ச்சுகிறோம். '540 வாட் சோலார் பேனல், ஒன்று 6,500 ரூபாய். 9 பேனல் போதும்' என்று ஒருவர் தோட்டத்துக்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். கடையில் விலை அதிகம். இதை நம்பி வாங்கலாமா?''

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

விலை குறைவு என்பதற்காகவே ஒரு பேனலை மோசம் என்று ஒதுக்கிவிட முடியாது. சில ஆண்டுகளாக உலகம் முழுக்கவே பேனல் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. புதிய மாடல் வந்துவிட்டதால், பழைய மாடலை விலை குறைத்துத் தள்ளிவிடுவதும் உண்டு. அது நல்ல சரக்குதான். ஆனால், தொழிற்சாலைச் சோதனையில் கழித்த 'பி கிரேடு' பேனலும், ஸ்டிக்கர் மாற்றி ஒட்டிய பேனலும்கூட இதே விலையில்தான் வருகின்றன. இந்த மூன்றையும் பிரித்தறிய ஒரு டேப், ஒரு மீட்டர், அரை மணி நேர நல்ல வெயில் போதும்.

முதலில் டேப்!

பேனல் விலையை 'ஒன்று இவ்வளவு' என்று பார்க்கக் கூடாது. 'ஒரு வாட் இவ்வளவு' என்று பார்க்க வேண்டும். 6,500 ரூபாயை 540-ஆல் வகுத்தால், ஒரு வாட் 12 ரூபாய். ஆனால், அது உண்மையிலேயே 540 வாட்தானா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் அளவுக்கு வெயில் விழும்போது, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி இருக்கும் நிலையில்தான் பேனலின் வாட் அளவைக் கணக்கிடுகிறார்கள். அந்த 1,000 வாட்டில், நீல நிறத்தில் இருக்கும் பாலி கிரிஸ்டலைன் பேனல் 15 முதல் 17 சதவிகிதத்தை மின்சாரமாக மாற்றும். கறுப்பாக இருக்கும் மோனோ பெர்க் பேனல் 19 முதல் 21 சதவிகிதம். புதிதாக வரும் டாப்கான் வகை 22, 23 சதவிகிதம். அதாவது, ஒரு சதுர மீட்டர் பாலி பேனல் அதிகபட்சம் 170 வாட், மோனோ பெர்க் 210 வாட், டாப்கான் 230 வாட் தரும். இந்தக் கணக்கை எந்த ஸ்டிக்கராலும் மாற்ற முடியாது.

வழக்கமான 540 வாட் மோனோ பேனல் 2,278 மில்லி மீட்டர் நீளம், 1,134 மில்லி மீட்டர் அகலம் இருக்கும். பரப்பு 2.58 சதுர மீட்டர். எடை 27, 28 கிலோ. அதுவே, வரும் பேனல் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், நீல நிறம் என்றால் அதன் திறன் 340 வாட்டைத் தாண்டாது. கறுப்பாகவே இருந்தாலும், 2 சதுர மீட்டரில் 460 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 6,500 ரூபாயை 340-ஆல் வகுத்தால், ஒரு வாட் 19 ரூபாய். மலிவு என்று நினைத்த பேனல், விலை கூடிய பேனலாகிவிடும்.

சட்டத்தை மட்டும் அளந்தால் போதாது. செல்களுக்கு நடுவே வெள்ளை இடைவெளி அகலமாக விட்டு, பேனலைப் பெரிதாகக் காட்டுவதும் நடக்கிறது. மின்சாரம் தருவது செல் மட்டும்தான்.

ஸ்டிக்கரும் சீரியல் எண்ணும்!

பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் 'வி.எம்.பி', 'ஐ.எம்.பி' என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வோல்ட், மற்றொன்று ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வாட் வரவேண்டும். 41.6 வோல்ட்டை 13 ஆம்பியரால் பெருக்கினால் 540 வருகிறது, இது சரி. பெருக்கினால் கணக்கு உதைக்கிறது என்றால், அந்த ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்.

தரமான பேனல்களில் சீரியல் எண்ணைக் கண்ணாடிக்கு உள்ளேயும் பதித்திருப்பார்கள். பின்பக்க எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு வேறு ஒட்டலாம். கண்ணாடிக்குள் இருப்பதைத் தொட முடியாது. இந்தியாவில் விற்கும் பேனலுக்கு பி.ஐ.எஸ் பதிவு கட்டாயம். ஐ.எஸ் 14286 என்ற தர எண்ணும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். செல்போனில் 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால், எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும்.

வோல்ட் காட்டி ஏமாற்றுவார்கள்!

விற்பவர் மீட்டரை வைத்து, ''பாருங்க, 48 வோல்ட் வருது'' என்று காட்டினால் மயங்கிவிட வேண்டாம். வோல்ட் என்பது செல்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. செல்லின் அளவைப் பொறுத்தது அல்ல. செல்லைப் பாதியாக வெட்டிச் சின்ன பேனல் செய்தாலும், எண்ணிக்கை அதேதான் என்றால் வோல்ட்டும் அதேதான். பேனல் பழசாகி நொந்துபோனாலும் வோல்ட் பெரிதாகக் குறையாது. குறைவது ஆம்பியர்தான். அதைத்தான் அளக்க வேண்டும்.

மேகம் இல்லாத நாளில், பகல் 11 மணி முதல் 1 மணிக்குள் பேனலை நேராகச் சூரியனைப் பார்க்க வைக்க வேண்டும். தடித்த துணியால் பேனலை மூடிவிட்டு, அதன் இரண்டு வயர்களையும் ஒன்றோடு ஒன்று இணைக்க வேண்டும். டி.சி அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிவிட்டுத் துணியை எடுத்தால் ஆம்பியர் தெரியும். ஸ்டிக்கரில் 'ஐ.எஸ்.சி' என்று போட்டிருக்கும் எண்ணில் 85 சதவிகிதமாவது காட்ட வேண்டும். 540 வாட் பேனல் என்றால் ஐ.எஸ்.சி 14 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 12 ஆம்பியராவது வரவேண்டும். அளந்து முடித்ததும், மறுபடியும் துணியால் மூடிய பிறகே வயரைப் பிரிக்க வேண்டும். வெயிலில் அப்படியே பிரித்தால் தீப்பொறி பறக்கும். சாதாரண மல்டிமீட்டர் 10 ஆம்பியர் வரைதான் தாங்கும். இதில் வைத்தால் ஃபியூஸ் போய்விடும்.

வெயில் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், தெரிந்த கடையின் நல்ல பேனல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் அளந்து பார்க்கலாம். இந்தச் சோதனையை ஒற்றைப் பேனலில் மட்டும்தான் செய்ய வேண்டும். வரிசையாக இணைத்த பேனல்களில் பல நூறு வோல்ட் இருக்கும். அதில் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு விஷயத்தில் விற்பவரைக் குறை சொல்லக் கூடாது. நம் ஊர் வெயிலில் செல் சூடு 60 டிகிரி வரை ஏறும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மோனோ பெர்க் பேனலின் திறன் சுமார் 0.35 சதவிகிதம் குறையும். 35 டிகிரி கூடினால் 12 சதவிகிதம் போய்விடும். ஆக, நேர்மையான 540 வாட் பேனலே உச்சி வெயிலில் 475 வாட் அளவில்தான் தரும்.

தண்ணீரில்தான் நஷ்டம் தெரியும்!

மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறை விதிப்படி, 5 ஹெச்.பி சோலார் பம்புக்கு 4,800 வாட் பேனல் வேண்டும்; 3 ஹெச்.பி-க்கு 3,000 வாட். உண்மையான 540 வாட் பேனல் 9 போட்டால் 4,860 வாட் வந்துவிடும். அதுவே 340 வாட் பேனலாக இருந்தால் 3,060 வாட்தான். 3 ஹெச்.பி-க்கான பேனலை வைத்துக்கொண்டு 5 ஹெச்.பி மோட்டாரை ஓட்டுவதாக ஆகிவிடும்.

'கொஞ்சம் குறைந்தால், தண்ணீரும் கொஞ்சம் குறையும். அவ்வளவுதானே' என்று நினைக்க வேண்டாம். மோட்டாரின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால், மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மேலே வராது. ஆழம் கூடக் கூட இந்தப் பிரச்னையும் கூடும். காலையில் தண்ணீர் வரும் நேரம் தள்ளிப்போகும். மாலையில் சீக்கிரமே நின்றுவிடும்.

பேனல்களை வரிசையாக இணைக்கும்போது, எல்லாவற்றிலும் ஒரே ஆம்பியர்தான் ஓடும். நொண்டி மாட்டை ஏரில் பூட்டினால், நல்ல மாடும் அதன் நடைக்குத்தான் வரவேண்டும். அதேபோல ஒரு மட்டமான பேனல் மொத்த வரிசையையும் இழுத்துப் பிடிக்கும். எனவே, ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு எல்லாவற்றையும் இறக்கக் கூடாது. 9 பேனல் வாங்கினால் ஒன்பதையும் அளக்க வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். ஏற்கெனவே இருக்கும் 415 வோல்ட் மும்முனை மோட்டாரையே ஓட்டுவதாக இருந்தால், அதற்குச் சுமார் 587 வோல்ட் டி.சி தேவை. 540 வாட் பேனல் 9 சேர்ந்தாலும் 375 வோல்ட்தான் வரும். வோல்ட்டைக் கூட்டித் தரும் வசதி கன்ட்ரோலரில் இல்லையென்றால், 14, 15 பேனல்கள் போட வேண்டியிருக்கும். கன்ட்ரோலர் எத்தனை வோல்ட் கேட்கிறது என்று எழுதி வாங்கிய பிறகே பேனல் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். '9 பேனல் போதும்' என்று சொன்னவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

''சோலார் பூங்காவில் கழற்றிய 300 வாட் பழைய பேனல், ஒன்று 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாட்டுக்கொட்டகையில் விளக்குக்கும் ஃபேனுக்கும் போடலாமா? 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது.''

- வாசகர், பல்லடம்.

போடலாம். சரியாகப் பராமரித்த பேனல், 10 ஆண்டுகள் ஓடிய பிறகும் 90 சதவிகிதத்துக்கு மேல் திறனோடு இருக்க வாய்ப்புண்டு. கழற்றும்போதும் லாரியில் ஏற்றும்போதும் படும் அடிதான் பழைய பேனலுக்கு எமன். அந்த அடியில் உள்ளே செல் விரிசல் விடும், வெளியே தெரியாது.

பேனலின் முகத்தில் நத்தை ஊர்ந்த தடம்போலக் கோடுகள், பழுப்புத் திட்டு, கண்ணாடிக்கு அடியில் காற்றுக்குமிழ் இருந்தால் வேண்டாம். பின்பக்கத் தாள் தொட்டால் மாவுபோல உதிர்ந்தாலோ, கருகிய புள்ளி இருந்தாலோ வேண்டாம். உள்ளே ஈரம் இறங்கினால் ஷாக் அடிக்கும். மாடு கட்டும் இடத்தில் இது பெரிய ஆபத்து. உலோகச் சட்டத்துக்கு எர்த் போடாமல் எந்தப் பேனலையும் மாட்டக் கூடாது.

இந்த வகைப் பேனலில் வெயிலில் 40 வோல்ட்டுக்கு மேல் வரவேண்டும். 28, 30 வோல்ட் மட்டும் காட்டினால், மூன்றில் ஒரு பங்கு செல்கள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பின்னால் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸில் உள்ள டயோடு போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே பட்டை அறுந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

12 வோல்ட் பேட்டரியோடு இணைக்கும்போது ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 300 வாட் பேனல் 36 வோல்ட்டில் சுமார் 8 ஆம்பியர் தரும். விலை குறைந்த 'பி.டபிள்யூ.எம்' கன்ட்ரோலரைப் போட்டால், அந்த 8 ஆம்பியர் பேட்டரியின் 13 வோல்ட்டில்தான் இறங்கும். 8-ஐ 13-ஆல் பெருக்கினால் 104 வாட். மூன்றில் இரண்டு பங்கு வீண். 'எம்.பி.பி.டி' கன்ட்ரோலர் போட்டால்தான் முழுப் பலனும் கிடைக்கும்; அதன் விலை கூடுதல். பேனல் விலை, கன்ட்ரோலர் விலை இரண்டையும் கூட்டி, கையில் கிடைக்கும் வாட்டால் வகுத்துப் பார்த்தால், எது லாபம் என்று தெரியும்.

''அரசு மானியத்தில் வாங்குவது நல்லதா, சொந்தமாக மலிவு பேனல் வாங்கிப் போடுவது நல்லதா?''

- வாசகி, மணப்பாறை.

பிரதமரின் 'குசும்' திட்டத்தில், தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை மூலமாக சோலார் பம்புக்கு 60 சதவிகித மானியம் தருகிறார்கள். ஆதி திராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியமும் உண்டு. இந்தத் திட்டத்தில் உள்நாட்டில் தயாரித்த, மத்திய அரசின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள பேனலைத்தான் போட வேண்டும். 5 ஆண்டுகள் பராமரிப்பும் சேர்ந்தே வரும். பேனலின் வாட் விலை கூடுதலாகத் தெரிந்தாலும், கையில் இருந்து போகும் பணத்தை வைத்துப் பார்த்தால், பம்புக்கு இதுதான் பெரும்பாலும் லாபம். இலவச மின்சாரத்துக்குப் பதிவு செய்திருப்பவர்கள், சோலார் பம்பு வாங்கினால் அந்தப் பதிவு என்ன ஆகும் என்று துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

முறை வரும்வரை காத்திருக்க முடியாது, சொந்தமாகத்தான் வாங்க வேண்டும் என்பவர்கள், ஜி.எஸ்.டி பில் இல்லாமல் வாங்கக் கூடாது. பேனலின் சீரியல் எண்கள் அத்தனையும் பில்லில் இருக்க வேண்டும். பேனல் பழுதுக்கு எத்தனை ஆண்டு, திறன் குறைவுக்கு எத்தனை ஆண்டு என்று உத்தரவாதத்தைத் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். 'பி கிரேடு' பேனலுக்குத் தயாரிப்பு நிறுவனத்தின் உத்தரவாதம் பொதுவாகக் கிடைக்காது. '25 வருஷம் கேரன்ட்டி' என்று வாயால் சொல்வதில் பயன் இல்லை.

கம்பி, தூண், கான்கிரீட், ஆள்கூலி எல்லாம் நல்ல பேனலுக்கும் மட்டமான பேனலுக்கும் ஒரே செலவுதான். மட்டமானதைக் கழற்றி மறுபடி மாட்டினால், அந்தச் செலவு இரண்டு முறை. எனவே, அளந்து பார்த்து, எண்கள் சரியாக இருந்தால் மட்டும் முன்பணம் கொடுங்கள். ''அளக்க வேண்டாம், நம்பி வாங்குங்க'' என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.