கணினி வந்தது, கல்வி வளர்ந்ததா?

பள்ளிக்குக் கணினி வந்தால் போதும், கல்வி தானாகவே வளர்ந்துவிடும் என்று பேசுவோர் உண்டு. பெரு நாட்டின் அனுபவத்தை அவர்கள் பார்க்கட்டும்.

தென் அமெரிக்காவிலுள்ள அந்நாட்டில் 2008 முதல் ஏழைக் கிராமங்களின் குழந்தைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 319 பள்ளிகளைப் பரிசீலித்து 2012-ல் வெளிவந்த ஆய்வு கூறியதென்ன? கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் காணவில்லை! கருவி போய்ச் சேர்ந்தது. அதைக் கொண்டு பாடம் நடத்த ஆசிரியருக்குப் போதிய பயிற்சி போய்ச் சேரவில்லை.

கேரளம் வேறு வழியில் சென்றது. 2001-ல் தொடங்கிய திட்டம், பள்ளி ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாக்கியது. உரிமக் கட்டணமில்லாத கட்டற்ற மென்பொருளைக் கைக்கொண்டது.

தமிழ்நாட்டில் 2011-ல் மடிக்கணினி வழங்கத் தொடங்கியதை நாம் குறை கூறவில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குள்ள வசதி உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டும். ஆனால், எத்தனை கருவிகள் கொடுத்தோம் என்ற கணக்கு மட்டும் போதுமா?

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்கள். அவர்கள் ஆண்டுதோறும் ஆசிரியர்களுடன் அமர்ந்து கேட்கட்டும்: எத்தனை கருவிகள் இயங்குகின்றன? பழுது பார்ப்பது யார்? ஒவ்வொரு குழந்தையின் கையும் அவற்றில் படுகிறதா? எந்தப் பாடம் முன்னைவிட நன்றாகப் புரிகிறது?

குறை கண்டால் ஆசிரியரைத் தண்டிப்பதல்ல வழி. பயிற்சியும் பணமும் தந்து குறையைப் போக்குவது சர்க்காரின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் உரிமை!