களம் வரும், பயிற்றுநர் வருவாரா?

சென்ற ஆண்டு விடுமுறைக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், புங்குடுதீவில் நாம் கற்பிக்கும் பாடசாலையின் அலுவலக அறையில் அமர்ந்து, ஒரு வரைபடத்தை மேசைமேல் விரித்தார். ரெனிஸ் ஆடுகளம் ஒன்றின் வரைபடம் அது. சீமெந்துத் தரை, சுற்றிலும் கம்பி வேலி, இரவிலும் ஆடுவதற்கு மின்விளக்குகள், வாயிலில் அவருடைய காலஞ்சென்ற தகப்பனாரின் பெயர் பொறித்த கல். "மாஸ்ரர், ரெனிஸ் கோட் நாங்கள் கட்டித் தாறம். மிச்சத்தை நீங்கள் பாருங்கோ" என்றார் அவர். "பிள்ளையளுக்கு ஆர் அண்ணை பழக்கிறது?" என்று கேட்டோம். சற்றே யோசித்தார். "அதுக்கென்ன, யூரியூப்பிலை எல்லாம் கிடக்குத்தானே" என்றார்.

அவர் 'மிச்சம்' என்று ஒதுக்கிவிட்ட அந்த ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

அவருடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தபோது, வீடும் கிணறும் கோயிலும் பாழாய்க் கிடந்த மண் இது. கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் உணவகங்களின் அடுக்களைகளில் இரவிரவாய்க் கோப்பை கழுவியவர்கள் அனுப்பிய பணமே இங்கே பல கூரைகளை மீண்டும் நிறுத்தியது. அந்த உழைப்பை இகழ்பவன் நன்றி கொன்றவன். ஆயினும், நன்றிக்கடன் உடையவன் கேள்வி கேட்கக் கூடாது என்று எந்த அறநூல் கூறுகிறது? கல்லுக்குக் கொடுக்கும் கை, மனிதனுக்குக் கொடுக்க ஏன் கூசுகிறது? மண்டபத்துக்கு நன்கொடை உண்டு, மதிலுக்கு உண்டு, வெற்றிக் கிண்ணத்துக்கு உண்டு. பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, "இப்படியல்ல, இப்படி" என்று திருத்துகின்ற மனிதனின் மாதச் சம்பளத்துக்கு மட்டும் இல்லை. ஏனெனில் அவன் நெற்றியில் எவருடைய பெயரையும் பொறிக்க முடியாது.

இந்த அலட்சியம் நேற்றுத் தோன்றியதன்று. வெள்ளைக்காரனோடு வந்த ஆட்டம் ரெனிஸ். மலையகத்தில் தோட்டத் துரைமாரின் கழகங்களிலும், இந்தியப் பட்டினங்களில் அதிகாரிகளின் கழகங்களிலும் அது வளர்ந்தது. அந்த இந்தியக் கழகங்களில் 'மார்க்கர்' எனப்பட்ட பணியாளன் ஒருவன் இருந்தான். உறுப்பினர்களோடு பந்தடித்து அவர்களுக்குப் பழக்கம் கொடுப்பது அவன் வேலை. ஆட்டத்தின் நெளிவு சுழிவெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆயினும் தான் பழக்கிய கழகத்திலே தானொரு உறுப்பினனாக அவனால் ஆக முடியாது. எல்லாருக்கும் கற்பிப்பவன், எவரோடும் சமமாக அமர உரிமையில்லாதவன். பயிற்றுநர் என்னும் தொழிலுக்கு நம் நாடுகளில் மூதாதை இவனே. ஆட்டக்காரனுக்கு மாலை, புரவலனுக்குக் கல்வெட்டு, கற்பித்தவனுக்குக் கூலி என்ற நியாயம் அன்று தொடங்கியது, இன்றும் முடியவில்லை.

தமிழகத்தைப் பாருங்கள். 1954 இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்று, 1960 இலும் 1961 இலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்ற இராமநாதன் கிருஷ்ணனுக்கு ஆட்டத்தைக் கற்பித்தவர் யார்? அவருடைய தந்தையார் ரி. கே. இராமநாதன், தாமே சிறந்த ஆட்டக்காரர். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979 இல் அதே இளைஞர் பட்டத்தை வென்றார். மூன்று தலைமுறையின் இந்தப் பெருமையில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் இதனுள் ஒரு துயரமும் இருக்கிறது. பயிற்றுநர் இல்லாத நாட்டிலே தந்தையே பயிற்றுநர் ஆகிறார். அப்படியானால் மட்டையைக் கையால் தொட்டறியாத தந்தைக்குப் பிறந்த பிள்ளையின் கதி என்ன? வித்தை குலச்சொத்தாய் இறங்குவதைக் கல்வித்துறையில் நாம் எதிர்த்தோம். விளையாட்டில் மட்டும் அதை இயற்கை என்று எண்ணிக் கைகட்டி நிற்பதா?

அவ்வாறு நிற்க வேண்டியதில்லை என்பதற்குச் சான்று, நிறவெறி தலைவிரித்தாடிய அமெரிக்காவின் தென்பகுதியிலேயே கிடைக்கிறது. வேர்ஜீனியா மாநிலத்து றிச்மண்ட் நகரில் 1943 இல் பிறந்த ஆர்தர் ஆஷ் என்ற கறுப்பினச் சிறுவனின் தந்தை, கறுப்பினத்தவர்க்கென ஒதுக்கப்பட்ட விளையாட்டுத் திடல் ஒன்றின் காவலர். அந்தத் திடலிலே பகுதிநேரமாய்ப் பழக்கிவந்த றொன் சாரிற்றி என்ற கல்லூரி மாணவரே சிறுவனுக்கு முதலில் ஆட்டத்தைக் கற்பித்தார். அடுத்து, லிஞ்ச்பேர்க் நகரத்து மருத்துவர் றொபேர்ட் வால்ற்றர் ஜோன்சன் அவனை ஏற்றார். தம் வீட்டு வளவிலேயே களம் அமைத்து, வெள்ளையர் களங்களில் கால்வைக்க முடியாத பிள்ளைகளைக் கோடைதோறும் அழைத்துப் பழக்கியவர் அவர். விம்பிள்டனை 1957 இலும் 1958 இலும் வென்ற அல்தியா கிப்சனும் அவரிடம் பயின்றவரே. அதன்பின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரெனிஸ் பயிற்றுநர் ஜே. டி. மோர்கனின் அணியில் ஆஷுக்கு இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. 1965 இல் அவர் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான ஒற்றையர் பட்டத்தை வென்றார். 1968 இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியையும் 1975 இல் விம்பிள்டனையும் வென்றார். ஒரு மாணவர், ஒரு மருத்துவர், ஒரு கல்லூரிப் பயிற்றுநர். காவலாளியின் மகனுக்கு மூன்று கதவுகளைத் திறந்தவர்கள் இம்மூவர். திடல் மட்டும் இருந்திருந்தால் ஆஷ் அதைத் தந்தையோடு சேர்ந்து கூட்டிப் பெருக்கியிருப்பார், அவ்வளவே.

ஆனால் கதவைத் திறக்கும் கையே கதவை விற்கவும் கூடும். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாஷிங்ரனில் உள்ள ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் ரெனிஸ் தலைமைப் பயிற்றுநராய் இருந்தவர் கோர்டன் ஏர்ன்ஸ்ட். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில், தம் அணிக்கு வேண்டியவர் என்று பயிற்றுநர் சுட்டும் மாணவருக்கு அனுமதியில் தனிவழி உண்டு. அந்த அதிகாரத்தை அவர் கடைச்சரக்காக்கினார். ஆட்டத்தில் தகுதியில்லாத செல்வர் வீட்டுப் பிள்ளைகளை ரெனிஸ் வீரர் என்ற பெயரிலே உள்ளே விட்டு, ஏறக்குறைய 35 இலட்சம் டொலர் கைக்கூலி பெற்றார். 2019 இல் அம்பலமான அந்தப் பெரும் ஊழலில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு, 2022 இல் இரண்டரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரெனிஸ் பயிற்றுநர் மைக்கேல் சென்ரரும் இதே குற்றத்துக்காக ஆறு மாதச் சிறை பெற்றார். காசு கொடுத்து நுழைந்த ஒவ்வொரு பொய் வீரனுக்காகவும், உழைத்துப் பயின்ற ஏதோ ஒரு பிள்ளை வெளியே நிறுத்தப்பட்டது. அந்தப் பிள்ளையின் பெயரை எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை.

மோர்கனும் ஏர்ன்ஸ்ரும் வகித்த பதவி ஒன்றே. அவர்களை ஏன் அடுத்தடுத்து நிறுத்துகிறோம்? பயிற்றுநர் பந்தை எறிந்து கொடுக்கும் வேலையாள் மட்டுமல்லர். அவர் ஒரு வாயில்காப்போர் என்பதைக் காட்டுவதற்காகவே. உள்ளே வருபவர் யார், வெளியே நிற்பவர் யார் என்பதை அவரே தீர்மானிக்கிறார். அவருக்கு உணவிடுபவர் யாரோ, அவருடைய வாயிலும் அவர்கள் பக்கமே திறக்கும். பொதுமக்களின் பணத்தில், பொதுமக்களின் கண்முன், உறுதியான பதவியில் இருக்கும் பயிற்றுநர் பொதுப் பிள்ளைகளுக்குத் திறப்பார். நன்கொடையாளரின் தயவிலோ செல்வரின் கட்டணத்திலோ வாழ வேண்டிய பயிற்றுநர் எவ்வளவு நல்லவராயினும், அவருடைய வயிறு அவரை ஒரு பக்கமாய் இழுக்கும்.

வாயில் என்றால் என்ன என்பதைப் புங்குடுதீவு மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. உவர்நீர்க் கிணறுகள் நிறைந்த இத்தீவில், நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தும் ஒடுக்கப்பட்ட மக்கள் அதில் அள்ளக் கூடாது என்று தடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தடையை எதிர்த்து 1971 இல் போராடி, காவற்றுறையின் தாக்குதலுக்கு உள்ளானவர் இவ்வூர் ஆசிரியரும் எழுத்தாளருமான மு. தளையசிங்கம். 1973 இல், நாற்பது வயதை எட்டுமுன்னே மறைந்தார். முற்போக்கு அணியினரோடு அவர் கடுமையாய் முரண்பட்டவர். 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' எழுதிய அவரோடு நமக்கும் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் கிணற்றடியில் அவர் நின்ற இடம் நியாயத்தின் இடம். ஊரிலே கிணறு இருப்பது வேறு, ஊரார் எல்லாரும் அதில் அள்ளுவது வேறு என்ற உண்மையை அவர் தம் உடலால் எழுதிக் காட்டினார். ஆடுகளத்துக்கும் அதே உண்மை பொருந்தும். கம்பி வேலி போட்ட களத்தின் சாவி எவர் இடுப்பில் தொங்கும் என்று கேளாமல் திறப்புவிழாவுக்கு மாலை கட்டுவோமானால், நாம் அந்தக் கிணற்றடியில் எதையும் கற்கவில்லை என்பதே பொருள்.

நம் தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். "ரெனிஸ் முதலாளிகளின் ஆட்டம், மீனவர் பிள்ளைக்கும் தோட்டக்காரர் பிள்ளைக்கும் அது எதற்கு? கரப்பந்தும் உதைபந்தும் போதாவா?" என்பார்கள். மிகவும் புரட்சிகரமாய் ஒலிக்கும் இந்தப் பேச்சின் உள்ளே பழைய சாதிக் குரல் ஒளிந்திருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை. உனக்கு இது போதும் என்று சொல்பவன் எந்தக் கொடியைப் பிடித்தாலும் அவன் பண்ணையாரே. ஆங்கிலமும் ஒருநாள் துரைமாரின் பாஷையாயிருந்தது. மருத்துவப் படிப்பும் மேட்டுக்குடியின் சொத்தாயிருந்தது. அவற்றை வேண்டாமென்று ஒதுக்கியா நாம் உரிமை பெற்றோம்? ஆட்டத்துக்குச் சாதியில்லை, வேலிக்குத்தான் சாதி உண்டு. கரப்பந்தாயினும் ரெனிஸாயினும் கிளித்தட்டாயினும், கற்பிக்க ஆள் வேண்டும் என்பதே நம் வழக்கு.

வேறு சிலர், "படிப்புக் கெட்டுவிடும்" என்பார்கள். பாடசாலை விட்டதும் பிள்ளையைத் தனியார் கல்வி நிலையத்துக்கு ஓட்டி, இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பவைக்கும் பெற்றோரும், அந்த நிலையங்களிலேயே மாலையில் சம்பாதிக்கும் நம் சக ஆசிரியர்களும் இதைச் சொல்லும்போது, நாம் சிரிப்பதா அழுவதா? விளையாட்டுக் கெடுக்கும் படிப்பைவிட, நிழலில் குந்தி மனப்பாடம் செய்து கெடும் உடலும் மனமுமே இங்கு அதிகம். அதிலும் பெண்பிள்ளைகள் பருவமடைந்ததும் திடலைவிட்டு ஒதுக்கப்படுகிறார்களே, அவர்களுடைய படிப்பை எந்தப் பந்து கெடுத்தது?

அரசு செய்வது என்ன? 1945 இல் இலவசக் கல்வி வந்தது. ஏழையின் பிள்ளைக்கு வகுப்பறையில் ஆசிரியரை வைப்பது அரசின் கடமை என்று நாடு ஒப்புக்கொண்டது. திடலில் ஆசிரியரை வைப்பதும் அதே கடமை என்பதை மட்டும் இன்னும் மனமார ஒப்புக்கொள்ளவில்லை. வலயமட்டப் போட்டிக்கு ஒரு மாதம் முன்னே எங்கிருந்தோ ஓர் இளைஞர் அழைக்கப்படுவார். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைத் தாம்போதி கடந்து, உப்புக்காற்றில் மோட்டார் சைக்கிளில் வருவார். பெற்றோல் காசு கிடைத்தால் அது அவருடைய அதிர்ஷ்டம். போட்டி முடிந்ததும் அவரும் முடிந்தார். பதக்கம் வந்தால் அதிபரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். வராவிட்டால் பழி அவருக்கே. பழைய மார்க்கரின் பேரன் இவர். கணித ஆசிரியரைப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னே பெற்றோல் காசுக்கு அழைப்போமா?

ஆகவே நம் கோரிக்கைகள் வெளிப்படையானவை. தீவுப்பகுதிப் பாடசாலைகளுக்கு நிரந்தர நியமனமும் ஆசிரியருக்கு இணையான சம்பளமும் ஓய்வூதியமும் உடைய பயிற்றுநர்களை அரசு நியமிக்க வேண்டும். பதக்கக் கணக்கு அவர்களுடைய வேலையை அளக்கும் கோலாக இருத்தல் ஆகாது. எத்தனை பிள்ளைகள், எந்தெந்தக் குறிச்சிகளிலிருந்து, எத்தனை பெண்கள் களத்துக்கு வந்தார்கள் என்பதே அளவுகோலாகட்டும். அதுவரை, வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் தம் நன்கொடையைக் கல்லில் அல்லாமல் சம்பளத்தில் இடட்டும். அதனை ஒரு தனிமனிதர் கையில் ஒப்படையாமல், பெற்றோரும் ஆசிரியரும் கூடிக் கணக்கைப் பகிரங்கமாய் வைக்கும் பொதுநிதியாக்கட்டும். பெயர் பொறிக்கத்தான் வேண்டுமென்றால், அந்தப் பெயரை ஆயிரம் பிள்ளைகளின் நினைவில் பொறிக்கலாமே!

இவ்வளவையும் நாம் அந்த அன்பருக்குக் கடிதமாய் எழுதினோம். மின்விளக்குகளை நிறுத்துங்கள், கம்பி வேலியைக் குறையுங்கள், மிஞ்சும் தொகையில் ஒரு பயிற்றுநரின் சில ஆண்டுச் சம்பளத்தை வையுங்கள் என்று கேட்டோம். பதில் இன்னும் வரவில்லை. வரைபடம் அலுவலக அலுமாரியில் இருக்கிறது.

நம் பாடசாலையின் தண்ணீர்த் தொட்டிச் சுவரிலே, எட்டாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி தகப்பன் செதுக்கிக் கொடுத்த பனைமட்டையால் பழைய பந்தொன்றை நாள்தோறும் அடிக்கிறாள். பந்து திரும்பி வருகிறது. அவள் மறுபடியும் அடிக்கிறாள். அவளுடைய கால்வைப்புத் தவறு என்பது நமக்குக்கூடத் தெரிகிறது. எப்படித் திருத்துவது என்பதுதான் தெரியவில்லை. தமிழ்ப் பட்டதாரிகளாகிய நாம் வேலிக்கு இப்பால் நின்று பார்க்கிறோம். ஆசிரியர்களே, மாணவத் தோழர்களே, அவளுக்குச் சுவர் போதும் என்று சொல்பவர்களின் பக்கத்தில் நிற்கப் போகிறோமா, அல்லது சுவருக்குப் பதிலாக ஒரு மனிதரை அவள் எதிரே நிறுத்தப் போகிறோமா? அவள் சாதாரண தரப் பரீட்சைக்கு அமர்வதற்கு இன்னும் மூன்று ஆண்டுகளே உள்ளன.