‘சர்வர் டவுன்’ என்பது விடையாகாது

கார் நிக்கோபாரில் கொப்பரை விற்ற பணத்தை எடுக்க வந்தவருக்கும், கேம்பல் பேயிலிருந்து மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் சென்னைக்கு அனுப்ப வந்தவருக்கும் வங்கி முகப்பில் நெடுங்காலம் கிடைத்துவந்த விடை ஒன்றே: ‘லிங்க் இல்லை.’ அதில் உண்மையும் இருந்தது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் அந்நாளில் வெளியுலகத் தொடர்புக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குக் கேள்வி ஏறி இறங்கி, பதிலும் அவ்வாறே ஏறி இறங்க அரை விநாடி பிடிக்கும். ஒரு பற்றை முடிக்கத் திரையும் சர்வரும் இருபது முறை பேசிக்கொண்டால் காத்திருப்பு மட்டுமே பத்து விநாடி.

2020 ஆகஸ்டு 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) இடையிலான கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். ஸ்வராஜ் த்வீப், லாங் ஐலண்டு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை அது நீள்கிறது. அதே இருபது உரையாடல்கள் இப்போது அரை விநாடி அளவில் கடலைக் கடந்து திரும்பிவிடும். பழைய சாக்கு பெருமளவு போய்விட்டது. அதன் இடத்தில் ‘சர்வர் டவுன்’ வந்து அமர்ந்துகொண்டது. இந்தச் சொல்லைத்தான் நாம் கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறோம். வாடிக்கையாளரிடம் மட்டுமன்றித் தன்னிடமே ஒரு வங்கி அதைச் சொல்லிக்கொள்ளும்போது அது இன்னும் கேடானது.

பெரிய வங்கி மென்பொருள்கள் பல ஜாவா மொழியில் எழுதப்பட்டவை. வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ் போன்ற அப்ளிகேஷன் சர்வர்களின் மேல் அவை இயங்குகின்றன. அவற்றின் உள்ளமைப்பு நம் கிளையைப் போன்றதுதான். வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ‘த்ரெட்’ எனப்படும் ஓர் எழுத்தர் ஏற்கிறார். பேரேட்டு அறைக்குள் செல்ல அவருக்கு ஒரு சாவி வேண்டும். அதுவே தரவுத்தள இணைப்பு. சாவிகள் எண்ணிக்கையில் குறைவு. வேலை முடிந்ததும் திரும்பத் தொங்கவிட வேண்டும். நிரலின் ஏதோ ஒரு மூலையில், பிழை நேரும்போது மட்டும் சாவியைத் திருப்பித் தர மறந்துவிட்டால், நாளுக்குச் சில சாவிகளாகக் காணாமற்போகும். அல்லது வெளியிலுள்ள வேறொரு சேவை பதில் தராமல் இருக்க, எத்தனை விநாடி காத்திருப்பது என்ற வரம்பு குறிக்கப்படாமலே எழுத்தர்கள் எல்லோரும் அதன் வாயிலில் நின்றுவிடுவர். அப்போது சர்வர் ‘டவுன்’ ஆகவே இல்லை. மின்சாரம் உண்டு, இயந்திரம் ஓய்வாக இருக்கிறது, கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்குகூட எரியலாம். கமோர்ட்டாவில் உள்ளவரின் திரையில் மட்டும் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும்.

இந்நிலையில் நிர்வாகி செய்வது என்ன? மறுதொடக்கம். சாவிகள் எல்லாம் ஆணிக்குத் திரும்பிவிடுகின்றன, பத்து நிமிடத்தில் எல்லாம் சரி, பாராட்டும் கிடைக்கிறது. மூன்று நாளில் அதே கதை. மறுதொடக்கத்தில் நோய் போவதில்லை, நோயின் தடயம் போய்விடுகிறது. நிறுத்துவதற்கு முன் ‘த்ரெட் டம்ப்’ எடுத்திருந்தால், அதாவது எந்த எழுத்தர் எந்த வாயிலில் நிற்கிறார் என்ற பட்டியலைப் பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை பதிவு செய்திருந்தால், காரணத்துக்கான வழி பெரும்பாலும் அதிலேயே தெரிந்திருக்கும். மூன்றிலும் ஒருவரே ஒரே வரியில் நின்றால் அங்கேதான் தேட வேண்டும். ஆக மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகாது. நினைவகம் நிரம்பி, அதைக் கூட்டிப் பெருக்கும் பணியிலேயே ஜாவா மூழ்கிக் கிடந்தால் அதற்கும் தனிக் குறிப்பேடு உண்டு. அதைப் படிக்கப் பொறுமைதான் வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தை நிர்வாகிக்கு யார் தருகிறார்கள் என்பதே நம் கேள்வி. எத்தனை நிமிடத்தில் மீண்டது என்று மட்டும் அளந்தால், அறிவுள்ள எவரும் உடனே மறுதொடக்கம்தான் செய்வார். ஒரே கோளாறு மறுபடி வந்ததா என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. காரணம் எழுதப்படாத மறுதொடக்கத்தை முடிந்த வேலையாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரவில் விழித்திருந்து இதைச் செய்வோரின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை, அளவுகோல் அவர்களுடையதன்று.

நகரத்தில் இது ஒரு மணி நேர எரிச்சல். தீவில் வேறு. கிளைக்கு வர ஒரு படகு, திரும்ப ஒரு படகு. அடுத்தது எப்போது என்பது கடலையும் வானிலையையும் பொறுத்தது. இன்னொன்றும் உண்டு. திரை உறைந்ததும் பலர் மறுபடியும் ‘அனுப்பு’ என்பதை அழுத்துகிறார்கள். ஆனால் முதற் கோரிக்கை சர்வரைச் சென்றடைந்து, பற்றும் வைக்கப்பட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இரண்டாவது கோரிக்கையும் முதலாவதே என அறிந்து புறந்தள்ளும்படி மென்பொருளை எழுதுவது வங்கியின் கடமை. அதுவரை வாடிக்கையாளர்கள் மறுபடி அழுத்தும் முன் கணக்கின் இருப்பையும் குறுஞ்செய்தியையும் பார்த்துவிடுவது நல்லது. நேரத்தையும் பரிவர்த்தனை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்ப் பொருள் சேராத நிலைக்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20ஆம் நாளிட்ட சுற்றறிக்கை காலவரம்பு வகுத்துள்ளது. யுபிஐ வழியே ஒருவருக்கு அனுப்பிய தொகை அவரைச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். ஏடிஎம்மில் பற்று வைக்கப்பட்டுப் பணம் வராவிட்டால் ஐந்து நாளுக்குள். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இதை வாடிக்கையாளரின் புகாருக்குக் காத்திராமல் வங்கியே தர வேண்டும் என்றும் அதில் உள்ளது. முகப்பில் ‘சர்வர் டவுன்’ அட்டையைத் தொங்கவிடும் கிளை, அதனருகே இந்த மூன்று வரிகளையும், எது நின்றது, எப்போது முதல் நின்றது என்பதையும் எழுதிவைக்கட்டும். ஹட் பேயில் காத்திருப்பவர் படகுக்குப் போவதா, நிற்பதா என்று தாமே முடிவு செய்துகொள்வார்.